எச்.எம். வகுப்புக்குள் வந்த பிறகு

நம் ஊரில் நல்ல தலைமையாசிரியருக்கு முதலில் சொல்லப்படும் இலக்கணம், "எச்.எம். ரூம்ல உட்காரவே மாட்டார், ரவுண்ட்ஸ் வந்துகிட்டே இருப்பார்" என்பதுதான். வராந்தாவில் அவர் தலை தெரிந்தாலே வகுப்பு அடங்கிவிடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்கும் ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் ஏறத்தாழ 100 பள்ளிகளின் முதல்வர்களோடு ஆய்வாளர்கள் நாள் முழுக்கக் கூடவே இருந்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஜேசன் கிரிசம், சூசன்னா லோப், பென் மாஸ்டர் ஆகியோர் செய்த இந்த ஆய்வின்படி, முதல்வர்களின் நேரத்தில் கற்பித்தல் சார்ந்த வேலைக்குப் போனது 12.7 சதவீதம்தான். அதிலும் பெரிய பங்கை எடுத்துக்கொண்டது ரவுண்ட்ஸ்.

ரவுண்ட்ஸ் அதிகமாக இருந்த பள்ளிகளில் மாணவர்களின் முன்னேற்றம் கூடவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் குறைவாகவே இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி, அவர் பாடம் எடுக்கும் முறையைச் செப்பனிட உதவிய நேரத்துக்குப் பலன் தெரிந்தது. சிக்கலான பள்ளியில்தான் முதல்வர் அதிகம் சுற்ற நேரும், அதனால் கணக்கு அப்படி வந்திருக்கலாம் என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் அதே ஆய்வின் நேர்காணல்களில் இன்னொன்றும் வெளிவந்தது: பல முதல்வர்கள் ரவுண்ட்ஸில் பார்த்ததைப் பள்ளியை மேம்படுத்தும் வேலைக்குப் பயன்படுத்தவில்லை. பார்த்தார்கள், போனார்கள். ஆசிரியருக்குக் கிடைத்தது ஒரு பதற்றம் மட்டும்.

எனவே எச்.எம். வகுப்புக்கு வருகிறாரா என்று கேட்பதோடு நிறுத்த முடியாது. வந்து போன பிறகு என்ன நடக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அதற்கு முன், நம் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் முதல்வர் ஆசிரியரைத் தானே நேர்காணல் செய்து எடுப்பார். பிடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார். தமிழ்நாட்டு எச்.எம்.முக்கு இது எதுவும் கிடையாது. நியமனம் தேர்வு வாரியம் வழியாக வருகிறது. மாறுதல் கலந்தாய்வில் முடிகிறது. நன்றாகப் பாடம் எடுப்பவருக்கும் ஏனோதானோவென்று எடுப்பவருக்கும் ஊதிய உயர்வு ஒன்றுதான். எச்.எம். கையில் மிஞ்சுவது கால அட்டவணை, தற்செயல் விடுப்பு, பதிலி வகுப்பு நோட்டு, சுற்றறிக்கை நோட்டு, தன் சொந்த நேரம். இவ்வளவுதான். பலர் இதைச் சொல்லிப் புலம்புவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஆசிரியரின் ஒரு வாரம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பவை இந்தச் சின்னக் கருவிகள்தான்.

முதலில் நேரக் கணக்கு

ஒரு நடுத்தர உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் 12 பேர். வாரத்துக்கு 40 பாடவேளை. ஆளுக்கு 28 வகுப்பு என்றால், 12 பாடவேளை ஓய்வு. தாளில் தாராளமாகத் தெரிகிறது. எந்த நாளிலும் இரண்டு பேர் விடுப்பிலோ பயிற்சியிலோ தேர்வுப் பணியிலோ இருப்பார்கள் என்று வையுங்கள். அவர்களின் வகுப்புகள் நாளொன்றுக்குச் சுமார் 11, வாரத்துக்கு 56. இவற்றை மீதிப் பத்துப் பேர் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஐந்தரைக்கு மேல் போய்விடுகிறது. 12இல் மிஞ்சுவது ஆறு, ஆறரை.

இப்போது நோட்டுத் திருத்தம். நான்கு வகுப்பு, வகுப்புக்கு 40 பேர், மொத்தம் 160 நோட்டு. நோட்டுக்கு இரண்டே நிமிடம் என்றாலும் 320 நிமிடம். ஆறரைப் பாடவேளையை 40 நிமிடத்தால் பெருக்கினால் 260 நிமிடம். திருத்தத்துக்கே பற்றவில்லை, நாளைய பாடத்தை யோசிக்க ஒரு நிமிடம்கூட இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியரின் வாரப் பணி 45 மணி நேரம் என்று வகுக்கும்போது, பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதற்குள்ளேதான் சேர்த்திருக்கிறது. சட்டம் தயாரிப்பை வேலையாகக் கருதுகிறது. பள்ளியின் அன்றாட ஏற்பாடோ அதை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

அதனால் எச்.எம். ஆசிரியருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி இந்த ஓய்வுப் பாடவேளையைக் காப்பது. பதிலி வகுப்பு போடும் பொறுப்பு வழக்கமாக உதவித் தலைமையாசிரியரிடமோ, உடற்கல்வி ஆசிரியரிடமோ இருக்கும். மறுக்கத் தெரியாதவர் பெயர்தான் அந்த நோட்டில் அடிக்கடி வரும். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இளையவர். மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை பதிலி வகுப்பு போனது என்று கூட்டிப் போட்டு ஓய்வறையில் ஒட்டிவிட்டால், சொல்லாமலே பாதிச் சண்டை அடங்கும். அடுத்த மாதம் அதிகம் பார்த்தவருக்குக் குறைக்கலாம். இன்னொன்று: விடுப்பு முன்கூட்டியே தெரிந்தால், வெறும் காவலுக்கு ஆள் அனுப்புவதைவிட, அதே வகுப்புக்கு வேறு பாடம் எடுப்பவரைப் பாடவேளை மாற்றிக்கொள்ளச் சொல்வது மேல். பாடமும் ஓடும், அவருக்குப் பின்னால் அந்தப் பாடவேளை திரும்பக் கிடைக்கும்.

நீண்ட விடுப்பு வேறு கதை. தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். நியாயமான உரிமை. ஆனால் அந்த ஒரு வருடத்தையும் பதிலி வகுப்பாலேயே ஓட்ட முயன்றால், விடுப்பில் போனவர் மீது மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வளர்ந்துவிடும். அவர் விடுப்பு விண்ணப்பம் தரும் முன்பே இதற்கு வழி பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் பேசித் தற்காலிக ஆசிரியருக்கு ஏற்பாடு செய்வதும், முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் பக்கத்துப் பள்ளியில் உபரியாக இருப்பவரை மாற்றுப் பணியில் கேட்பதும் எச்.எம். வேலை.

நோட்டுத் திருத்தத்துக்கும் ஒரு வழி உண்டு. 160 நோட்டிலும் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டுக் கையெழுத்திடுவதால் பிள்ளைக்கு எதுவும் புரியப்போவதில்லை. அது ஆய்வுக்கு வரும் அலுவலருக்கான கையெழுத்து. ஒவ்வொரு வகுப்பிலும் சுழற்சி முறையில் வாரத்துக்கு 10 நோட்டை ஒழுங்காகப் படித்து, பொதுவான இரண்டு பிழையை மறுநாள் கரும்பலகையில் பேசினால் நேரமும் மிச்சம், பயனும் அதிகம். ஆனால் எந்த ஆசிரியரும் இதைத் தனியாகத் துணிந்து செய்ய முடியாது. "ஏன் மீதி நோட்டு திருத்தலை?" என்ற கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் எச்.எம். ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பள்ளியின் முடிவாகத் தீர்மான நோட்டில் எழுதி வைத்துவிட்டால், அலுவலர் கேட்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

கால அட்டவணையில் ஒரு நுட்பம். பெரும்பாலான பள்ளிகளில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தொடங்கி மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சிய ஓட்டைகள்தான் ஓய்வுப் பாடவேளை. அதை மாற்றி, முதலில் ஒரே பாட ஆசிரியர்கள் மூன்று பேருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையைப் பொதுவாக ஒதுக்கிவிட்டு, பிறகு ஹைடெக் லேப், மைதானம் போன்ற பொது இடங்களை நிரப்பி, அப்புறம் வகுப்புகளுக்கு வர வேண்டும். கடைசியில் இந்தப் பொதுப் பாடவேளையைச் செருகப் பார்த்தால் ஒருபோதும் வராது.

வகுப்பைப் பார்ப்பது

ஆறாம் வகுப்பு, பின்னக் கூட்டல். ஆசிரியர் பலகையில் 1/2 + 1/3 எழுதி, மீச்சிறு பொது மடங்கு 6 என்று கண்டு, 3/6 + 2/6 = 5/6 என்று அழகாகப் போட்டுக் காட்டுகிறார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்" என்று வகுப்பு ஒரே குரலில் சொல்கிறது. அடுத்த கணக்கு 1/4 + 1/3. பிள்ளைகள் நோட்டில் போடுகிறார்கள். முன்வரிசைப் பெண் எழுந்து 7/12 என்கிறாள். "வெரி குட்." அடுத்த கணக்குக்குப் போகிறது பாடம். வாசலில் நின்று பார்க்கும் எச்.எம்.முக்கு இது நல்ல வகுப்பு. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் பக்கத்துப் பையனின் நோட்டில் 2/7 என்று இருப்பது தெரியும். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறான். எட்டு நோட்டைப் புரட்டினால் ஐந்தில் அதேதான்.

இந்த ஒரு பார்வைக்கு 20 நிமிடம் போதும். அந்த நேரத்தில் எச்.எம். எழுதிக்கொள்ள வேண்டியது கருத்து அல்ல, நடந்தது. "வகுப்பு சிறப்பாக இருந்தது", "மாணவர் ஈடுபாடு குறைவு" என்று எழுதினால் பின்னால் பேச ஒன்றும் இருக்காது. "புரிஞ்சுதா 4 முறை, பதில் கூட்டாக, தனியாகப் பதில் சொன்னவர் 3 பேர், மூவரும் முதல் இரண்டு வரிசை, 8 நோட்டில் 5இல் 2/7" என்று எழுதினால் பேசலாம். பாட அறிவு இல்லாத எச்.எம்.முக்கும் இது வசதி. தமிழாசிரியராக இருந்து பதவி உயர்வு பெற்றவர் இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தால் ஓம் விதியைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது. யார் பதில் சொல்கிறார்கள், நோட்டில் என்ன இருக்கிறது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்ற மூன்றையும் எந்தப் பாடத்திலும் பார்க்கலாம். மூன்றாவது சாதாரண விஷயமல்ல. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களிலேயே அளந்து காட்டினார். அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

வகுப்பு நடக்கும்போது இடையில் புகுந்து திருத்துவது, பிள்ளைகளிடம் தானே கேள்வி கேட்டு அவர்கள் முழிப்பதை ஆசிரியருக்குக் காட்டுவது இரண்டும் கூடாது. மறுநாளிலிருந்து அந்த ஆசிரியரின் பேச்சுக்கு வகுப்பில் மதிப்பு இருக்காது.

பேச்சு அன்றைக்கே, தவறினால் மறுநாள். 15 நிமிடம். எச்.எம். அறையில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வேண்டாம்; லேபிலோ காலியான வகுப்பிலோ உட்காரலாம். தொடக்கம் கேள்வியாக இருந்தால் நல்லது: "சார், அந்த ரெண்டாவது கணக்கு எத்தனை பேருக்கு வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?" ஆசிரியர் "ஒரு முப்பது பேருக்கு வந்திருக்கும்" என்பார். அப்போது குறித்ததைக் காட்டினால் போதும். விளக்கம் தேவைப்படாது. பெரும்பாலான ஆசிரியர்கள் தாங்களாகவே, "அப்போ புரிஞ்சுதான்னு கேட்டு பிரயோஜனம் இல்லை சார்" என்பார்கள். பிறகு ஒரே ஒரு மாற்றத்தை முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில் அது, இரண்டாவது கணக்கை எல்லாரும் போட்டு முடித்ததும் நோட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வது. 2/7 போட்ட ஒரு பையனையே எப்படி வந்தது என்று சொல்லவைப்பது. ஒரு ரொட்டியில் கால் பங்கையும் மூன்றில் ஒரு பங்கையும் படமாக வரைந்து, சேர்த்தால் பாதிக்கு மேல் வரும், 2/7 பாதிகூட இல்லையே என்று அவர்களே பார்க்கவைப்பது. பலகை எழுத்து, குரல், வகுப்புக் கட்டுப்பாடு, நேரம் என்று ஏழெட்டை அடுக்கினால் எதுவும் நிற்காது.

கடைசியாக, "அடுத்த புதன் வர்றேன், இதை மட்டும் பார்க்கிறேன்" என்று தேதி சொல்ல வேண்டும். சொன்ன தேதியில் போக வேண்டும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்தக் கடைசிப் படியில் தவறுபவர்கள்தான் அதிகம். திரும்பி வராத எச்.எம். சொன்னதை ஆசிரியர் மூன்று நாளில் மறந்துவிடுவார். அடுத்த முறை நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தால், குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்றே நினைப்பார்.

இதற்கெல்லாம் எச்.எம்.முக்கு ஏது நேரம் என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டால், 12 பேரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வாரத்துக்கு ஆறு வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் பார்வை, 15 நிமிடம் பேச்சு. மொத்தம் 210 நிமிடம், மூன்றரை மணி நேரம். பார்வைக்குச் செவ்வாய், புதன், வியாழன் இரண்டாம் பாடவேளை, நாளுக்கு இரண்டு வகுப்பு என்று நிலையாக வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். திங்கள் காலை வழிபாட்டுக் கூட்டமும் வாரத் தொடக்கக் குழப்பமும் எடுத்துக்கொள்ளும், வெள்ளிக்கிழமை அறிக்கைகள். அந்த 40 நிமிடம் போனை உதவித் தலைமையாசிரியர் எடுக்கட்டும். மாவட்ட அலுவலகக் கூட்டத்துக்குத் திடீரென்று போக வேண்டிவந்தால் பார்வையை அந்த வாரத்துக்குள்ளேயே வேறு நாளுக்குத் தள்ளலாம். விட்டுவிட்டால் அடுத்த வாரமும் விட்டுப்போகும்.

விவியன் ராபின்சன் குழுவினர் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைமையின் ஐந்து வகை வேலைகளில் மாணவர் கற்றலோடு அதிகம் தொடர்புடையதாக வந்தது ஆசிரியர்களின் கற்றலில் தலைவர் தானும் கலந்துகொள்வது (விளைவின் அளவு 0.84). ஒழுங்கான, பாதுகாப்பான சூழலைப் பேணுவதற்கு 0.27தான் வந்தது. அதற்காகச் சூழல் வேண்டாம் என்று பொருளில்லை. ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பிவைப்பதும், அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று தானும் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல. வட்டார வள மையத்திலோ குறுவள மையக் கூட்டத்திலோ என்ன நடந்தது என்று பல எச்.எம்.களுக்குத் தெரியாது, போனவரும் ரிலீவிங் ஆர்டரைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். திரும்பி வந்தவர் ஒரே ஒரு உத்தியை அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடம் செய்து காட்ட, எச்.எம்.மும் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்து அதைச் செய்து பார்த்தால், பயிற்சி அன்றோடு முடிந்துபோகாது.

ஆசிரியர் கூட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. தேதி, படிவம், சீருடை வழங்கல், சைக்கிள் வழங்கல் எல்லாம் சுற்றறிக்கை நோட்டிலேயே போகலாம். எல்லாரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து அதையே படித்துக் காட்டுவதற்குப் பதிலாக, எட்டாம் வகுப்பின் நான்கு விடைத்தாளை நடுவில் வைத்து, "இந்தப் பையன் எங்கே தடுக்கி விழுறான்?" என்று பேசினால் கூட்டத்துக்கு அர்த்தம் இருக்கும்.

காகிதமும் போனும்

ஆசிரியர்கள் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் எமிஸ், அதாவது கல்வித் துறையின் இணையத் தரவுப் பதிவு. வருகைப் பதிவு ஆப்பில், அதையே பதிவேட்டில், அதையே அறிக்கையில். இளநிலை உதவியாளர் இல்லாத பள்ளியில் கணினி தெரிந்த இளம் ஆசிரியர் ஒருவர் ஆண்டு முழுக்க எமிஸ் ஆளாகிவிடுவார். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிரக் கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் தரவுப் பதிவு கல்வி சார்ந்த வேலை என்ற போர்வையில் வந்துவிடுவதால் அந்தப் பிரிவு இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை.

எச்.எம். எமிஸை நிறுத்த முடியாது. பள்ளி தானே கண்டுபிடித்த பதிவேடுகளை நிறுத்தலாம். ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஓய்வறை மேசையில் எல்லாப் பதிவேட்டையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எந்த ஆணைப்படி இது வைக்கப்படுகிறது? கடைசியாக யார் இதைப் படித்தார்? முன்பு இருந்த ஏதோ ஒரு எச்.எம். ஒரு ஆய்வுக்காகத் தொடங்கி, அப்படியே தொடர்ந்து வருபவை எப்படியும் சில தேறும். அவற்றைக் கட்டிப் பரணில் போடலாம். எமிஸ் வேலையை ஒருவருக்கே விடாமல் வகுப்பாசிரியர்களுக்குப் பிரித்து, அதைச் செய்பவருக்குப் பதிலி வகுப்பைக் குறைக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு தனிக் கொடுமை. இரவு ஒன்பதரைக்கு "மிக அவசரம், உடனே அனுப்பவும்" என்று மேலிருந்து வந்ததை எச்.எம். அப்படியே ஃபார்வர்டு செய்தால் 12 வீட்டிலும் தூக்கம் கெடும். அதில் பாதித் தகவல் அலுவலகப் பதிவிலேயே இருக்கும். எந்தச் செய்தியையும் படிக்காமல் ஃபார்வர்டு செய்வதில்லை, யார், எதை, எப்போதுக்குள் என்று ஒரு வரி சேர்த்தே அனுப்புவது, இரவு ஏழு மணிக்கு மேல் உண்மையான அவசரம் தவிர அனுப்புவதில்லை என்று எச்.எம். தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டால் அதற்குக் காசு செலவில்லை.

சேவை சார்ந்த கோப்புகளும் ஆசிரியருக்கான ஆதரவில் சேர்த்தி. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி எச்.எம். சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர். ஆண்டு ஊதிய உயர்வு, 10 ஆண்டில் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை, விடுப்புக் கணக்கு, பணிப் பதிவேட்டுப் பதிவுகள், நிலுவைப் பில் எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகும். யாருக்கு எந்த மாதத்தில் எது வருகிறது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிவைத்து, கேட்காமலே கோப்பை நகர்த்தும் எச்.எம். மீது வரும் நம்பிக்கை தனி ரகம். தேர்வு நிலைக் கோப்பு ஆறு மாதம் தூங்கும் ஆசிரியரிடம் கற்பித்தல் முறையைப் பற்றிப் பேசப்போனால் காது கொடுத்துக் கேட்க மாட்டார்.

புதியவரும் தடுமாறுபவரும்

புதிதாகச் சேர்பவருக்கு யாரும் எடுக்க விரும்பாத பிரிவைத் தள்ளிவிடுவது பல பள்ளிகளில் எழுதாத வழக்கம். ஒன்பதாம் வகுப்பு 'சி', மதியத்துக்குப் பிந்தைய பாடவேளைகள், கூடவே எமிஸ். இரண்டே மாதத்தில் அவர் குரல் உயர்ந்து, கையில் குச்சி வந்துவிடும். முதல் பருவத்திலாவது அவருக்கு ஓரளவு அடங்கிய பிரிவு ஒன்று கிடைக்க வேண்டும். தாம் நன்றாக நடத்தக்கூடியவர் என்று அவருக்கே நம்பிக்கை வருவது அங்கேதான். முதல் நாளே கையில் தர வேண்டியவை: வகுப்பின் உட்காரும் வரைபடம், சென்ற ஆண்டு மதிப்பெண், படிக்கத் திணறும் பிள்ளைகளின் பெயர், அலமாரிச் சாவி, பக்கத்து வகுப்பு மூத்த ஆசிரியர் ஒருவர். வாரம் ஒருமுறை 20 நிமிடம் அந்த மூத்தவர் வகுப்பில் இவர் உட்கார ஏற்பாடு செய்தால், பத்து அறிவுரையைவிட மேல்.

தடுமாறும் மூத்த ஆசிரியர் விஷயத்தில் எச்.எம். முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலருக்குத் தெரியவில்லை. சிலருக்குத் தெரியும், இப்போது முடியவில்லை; வீட்டில் நோயாளி, கடன், தூக்கமில்லாமை. வெகு சிலருக்குத்தான் விருப்பமில்லை. மூவருக்கும் ஒரே மெமோ கொடுப்பதால்தான் மெமோவுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. முதலாமவருக்கு மேலே சொன்ன பார்வையும் பேச்சும். இரண்டாமவருக்குச் சில வாரம் முதல் பாடவேளையைத் தவிர்த்துத் தரலாம், கூடுதல் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றலாம். எல்லாம் தேதி குறித்து. முடிவு தேதி இல்லாத சலுகை மற்றவர்களின் மனக்கசப்பில் போய் முடியும். மூன்றாமவரிடம் தனியாக இருமுறை பேசி, பேசியதைத் தேதியோடு குறித்து, அதற்கும் மாற்றம் இல்லையென்றால் விளக்கம் கேட்டு எழுத்தில் தர வேண்டும். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(அ), 17(ஆ) என்று நடவடிக்கை மேலே போகும்போது, இந்தக் குறிப்புகள் இல்லாத எச்.எம். கையில் எதுவும் இருக்காது. வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் தாமதமாக வந்தவரை நிற்கவைப்பது எந்த வகையிலும் சேராது.

பெற்றோர் புகாரோடு வரும்போது, சிலர் உடனே ஆசிரியரைக் கூப்பிட்டுப் பெற்றோர் முன் கேள்வி கேட்பார்கள். சிலர் "எங்க சார் அப்படியெல்லாம் செய்ய மாட்டார்" என்று திருப்பி அனுப்புவார்கள். இரண்டுமே தவறு. பெற்றோர் சொல்வதை முழுதாகக் கேட்டு எழுதிக்கொண்டு, இரண்டு நாளில் பதில் சொல்வதாக அனுப்பிவிட்டு, ஆசிரியரைத் தனியாக, பிள்ளையைத் தனியாகக் கேட்க வேண்டும். ஆசிரியர் மீது தவறில்லை என்றால் பெற்றோரிடம் அதை எச்.எம்.மே சொல்ல வேண்டும். அடித்திருந்தால் மழுப்ப வழியில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பாலியல் புகார் என்றால் உள்விசாரணை, சமரசம், "பள்ளி பெயர் கெட்டுப்போகும்" என்ற பேச்சு எதற்கும் இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரியவந்தவுடன் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டும் அறிவிப்புப் பலகையில் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் இருக்கட்டும்.

சிறிய பள்ளிகளில்

இரண்டு ஆசிரியர் பள்ளியில் எச்.எம்.மும் வகுப்பெடுப்பவர். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்துவிட்டு, அவர் எங்கே போய்ப் பார்ப்பது? இரண்டு வழி ஓரளவு நடக்கிறது. வாரத்தில் ஒருநாள் கதை நேரத்தில் எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து ஒருவர் நடத்த, மற்றவர் ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகளை மட்டும் கவனிப்பது. அடுத்த வாரம் மாற்றிக்கொள்வது. மற்றது, மூன்று பிள்ளைகளின் பயிற்சி நூலை மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து புரட்டுவது.

பெரிய திட்டங்கள் இப்படி வகுப்பு வரைக்கும் வருவதே இல்லை என்பதற்கு மத்தியப் பிரதேசம் சாட்சி. பள்ளிகளை ஆய்வு செய்து, தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்த ஒரு முயற்சியைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வறிக்கைகள் தரமாகவே இருந்தன. திட்டங்களும் எழுதப்பட்டன. வகுப்பறையில் எதுவும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் மாறவில்லை. ஆனாலும் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு நாடு முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் திரும்பி வகுப்புக்குப் போகவில்லை என்பதுதான் அதைப் படிக்கையில் தெரிவது.

நம் எச்.எம்.களில் பலர் ஓய்வுக்குச் சில ஆண்டே இருக்கும்போது அந்த நாற்காலிக்கு வருகிறார்கள். இடையில் மாறுதலும் வரும். அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கும்போது சாவிக்கொத்து, ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு எல்லாம் கையெழுத்தாகி மாறும். ஆசிரியர்களைப் பற்றி மட்டும் ஒரு தாளும் மாறாது. புதியவர் டீக்கடையிலோ சங்கக் கூட்டத்திலோ கேள்விப்பட்டதை வைத்து ஆளை எடைபோடத் தொடங்குவார். ஆளுக்கு அரைப் பக்கம் போதும்: எந்த வகுப்பில் நன்றாக நடத்துகிறார், இப்போது எந்த ஒரு மாற்றத்தை முயன்றுகொண்டிருக்கிறார், எந்தத் தேதி வரை என்ன சலுகை, எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது. குணம், சாதி, சங்கம், யாருக்கு வேண்டியவர் என்பதெல்லாம் அதில் வேண்டாம். எழுதியதை அந்தந்த ஆசிரியரிடம் காட்டி, அவர் கையெழுத்தையும் வாங்கிவிட்டே கோப்பில் வைக்க வேண்டும்.